முதல் பக்கம் எந்தப் பக்கம்?

ஒரு நாளிதழ் எந்தக் கட்சிப் பக்கம் என்று அறிய விரும்புகிறவர்கள் தலையங்கத்தைப் புரட்டுகிறார்கள். பல ஆண்டுகள் செய்திப் பிரிவில் உட்கார்ந்து முதல் பக்கம் போட்டவன் என்ற முறையில் சொல்கிறேன்: தலையங்கத்தில் ஒரு வரி எழுதும் முன்பே சாய்வு பக்கத்தில் ஏறிவிடும். எது லீட் எனும் தலைமைச் செய்தி, எது உள்ளே ஒற்றைப் பத்தியில் போகும் செய்தி, யார் படம் எவ்வளவு பெரிது என்று பேசி முடித்தபோதே பாதி வேலை முடிந்துவிட்டது. இத்தனைக்கும் அந்தப் பக்கத்தில் தேடினாலும் ஒரு பொய் கிடைக்காது.

இந்த வேலையின் உச்சத்தைப் பார்க்க பிரிட்டனின் டேப்ளாய்டு பத்திரிகைகளிடம்தான் போக வேண்டும். நம் பெரிய தாளில் பாதி அளவு. ஒரு செய்தி, ஒரு படம், சில சொற்களில் ஒரு தலைப்பு. அதற்குமேல் இடம் கிடையாது. ஒன்றைப் போட்டால் மற்றதெல்லாம் வெளியே. அங்கே தேர்வு செய்வதே கருத்துச் சொல்வதுதான்.

1992 ஏப்ரல் 9, வாக்குப்பதிவு நாள். லேபர் கட்சித் தலைவர் நீல் கின்னக்கின் தலையை ஒரு பல்புக்குள் வைத்தது 'தி சன்' டேப்ளாய்டு. இன்று இவர் ஜெயித்தால், பிரிட்டனைவிட்டுக் கடைசியாகக் கிளம்புகிறவர் தயவுசெய்து விளக்கை அணைத்துவிட்டுப் போகவும் என்பது தலைப்பு. கின்னக் ஏன் கூடாது என்று அந்தத் தலைப்பு வாதாடவில்லை. அவர் வந்தால் எல்லோரும் ஊரைக் காலி செய்வார்கள் என்பது முடிந்துபோன விஷயம். மிச்சமிருப்பது விளக்கை யார் அணைப்பது என்பது மட்டும்தான். தலைப்பு எழுதுவதில் இதைவிட வலுவான உத்தியை நான் கண்டதில்லை. வாதத்தை மறுத்துப் பேசலாம். வாசகர் ஏற்கெனவே ஒத்துக்கொண்டுவிட்டார் என்று வைத்துக்கொண்டு ஆரம்பிக்கிற வாக்கியத்தை எங்கே பிடித்து மறுப்பது? கன்சர்வேட்டிவ் கட்சி வென்றதும், ஏப்ரல் 11 அன்று, ஜெயிக்க வைத்தது நாங்கள்தான் என்று அதே பத்திரிகை மார்தட்டியது. அது உண்மையா என்று ஆய்வாளர்கள் நிறைய விவாதித்துவிட்டார்கள். என் கண் அந்தப் பல்பைவிட்டு நகரவில்லை.

படத்தின் கதை இன்னும் நுட்பமானது. லேபர் தலைவராக இருந்த எட் மிலிபாண்ட் 2014 மே மாதம் லண்டன் சந்தை ஒன்றில் பேக்கன் சாண்ட்விச் சாப்பிட்டார். வாய் கோணிய ஒரு நொடி கேமராவில் விழுந்தது. ஓராண்டு கழித்து, 2015 மே 6 அன்று, தேர்தலுக்கு முந்தைய நாள், சன் அந்தப் படத்தை முதல் பக்கத்தில் பெரிதாக விரித்தது. படம் நிஜம். சாப்பிடும் மனிதர் எவரும் ஏதோ ஒரு நொடியில் அப்படித்தான் தெரிவார். ஒரே பொதுக்கூட்டத்திலிருந்து எங்கள் மேசைக்கு வரும் படங்களில் கை உயர்த்தியதும் இருக்கும், வேர்வை துடைப்பதும் இருக்கும், கண் பாதி சொருகியதும் இருக்கும். எது பக்கத்தில் ஏறுகிறதோ அதுதான் மறுநாள் வாசகர் மனத்தில் அந்தத் தலைவரின் முகம்.

தமிழ்த் தலைப்பில் இந்த வேலையைக் கடைசிச் சொல் பார்த்துக்கொள்ளும். ஒருவர் அழுத்திச் சொன்னால் 'திட்டவட்டம்', இன்னொருவர் அதையே சொன்னால் 'பிடிவாதம்'. இவர் தருவது 'விளக்கம்', அவர் செய்வது 'மழுப்பல்'.

2016இல் வந்த இரண்டு முதல் பக்கங்களைப் புது உதவி ஆசிரியர்களிடம் எப்போதும் எடுத்துக்காட்டுவேன். மார்ச் 9 அன்று, பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு வெளியேறும் பிரெக்சிட்டை அரசி ஆதரிக்கிறார் என்று சன் தலைப்பிட்டது. அரண்மனை புகார் செய்தது. தலைப்பு வாசகரைத் தவறாக வழிநடத்துகிறது என்று பத்திரிகைத் தர அமைப்பான இப்சோ தீர்ப்பளித்தது. அந்தத் தலைப்பு ஒரு தகவலைச் சொன்னது, அதனால் மாட்டிக்கொண்டது. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேறும் நடைமுறையைத் தொடங்க நாடாளுமன்றத்தின் ஒப்புதல் வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொன்னது நவம்பர் 3 அன்று. மறுநாள் 'டெய்லி மெயில்' மூன்று நீதிபதிகளின் படங்களைப் போட்டு, மக்களின் எதிரிகள் என்று தலைப்பிட்டது. அதில் சரிபார்க்கத் தகவலே இல்லை. 'மக்கள்' என்ற இடத்தில் வாசகர் தன்னை வைத்துக்கொள்வார், எதிரில் விக் அணிந்த மூன்று முகங்கள். சட்டத்தின்படி நீதிபதிகள் செய்த வேலையை ஊர்ப்பகையாக மாற்றிய அந்தப் பக்கத்தை இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை. திறமையான பக்கம் என்பதால்தான் கோபமும் அதிகம்.

இதெல்லாம் பத்திரிகை முதலாளியின் கொள்கைப் பற்று என்று எண்ணுகிறவர்கள் 2015 ஏப்ரல் 30ஆம் தேதியைப் பார்க்க வேண்டும். அன்று லண்டன் சன் டேவிட் கேமரூனைக் கைக்குழந்தையாகக் காட்டி கன்சர்வேட்டிவ் கட்சிக்கு வாக்குக் கேட்டது. ஸ்காட்லாந்து பதிப்போ நிகோலா ஸ்டர்ஜனை 'ஸ்டார் வார்ஸ்' நாயகியாக்கி ஸ்காட்டிஷ் தேசியக் கட்சியை ஆதரித்தது. ஒரே நிறுவனம், ஒரே நாள், இரண்டு 'மக்கள்'.

முதல் பக்கத்தின் தாக்கம் வாங்கிப் படிப்பவரோடு நிற்பதுமில்லை. பிரிட்டனில் நாளைய முதல் பக்கங்களை இரவிலேயே தொலைக்காட்சியில் காட்டி விவாதிக்கிறார்கள். இங்கே பெட்டிக்கடையில் தொங்கும் போஸ்டர் அந்த வேலையைச் செய்கிறது. பேருந்தில் போகிறவருக்கு அதில் கிடைப்பது தலைப்பு மட்டும்தான். செய்தியின் ஐந்தாவது பத்தியில் இருக்கும் மறுப்பு அவரிடம் போய்ச் சேராது.

அதனால் பக்கம் அச்சுக்குப் போகும் முன் என் மேசையில் இருப்பவர்களிடம் ஒன்று கேட்பேன்: இதே பேச்சை எதிர்க்கட்சித் தலைவர் பேசியிருந்தால் இதே படம், இதே கடைசிச் சொல், இதே அளவு போடுவாயா? கேட்ட பிறகு படம் பலமுறை மாறியிருக்கிறது. கடைசிச் சொல்லும் சில இரவுகளில் மாறியது. எது லீட் என்பது மட்டும் மாறியதில்லை. அது ஆசிரியர் அறையிலிருந்து முடிவாகி வரும்.