ஆயிரம் சைக்கிள் ஒலி

அந்த இசைத்தட்டின் லேபிளில் படத்தின் பெயர் இல்லை. பாடியவர், இசையமைத்தவர் பெயரும் இல்லை. 50, 100, 400, 1000, 3000, 6000, 10000 என்று எண்கள் மட்டும் வரிசையாக அச்சாகியிருந்தன. ஆத்தூர் கோட்டைக்குப் போகும் வழியில் ஒரு சந்துக்குள் இருக்கிற மைக் செட் பட்டறையில், அதை நடத்துபவர் பழைய தினசரித் தாளைப் பிரித்து அந்தத் தட்டை எடுத்தார். பள்ளத்தில் விரல் படாமல் ஓரத்தை மட்டும் இரண்டு உள்ளங்கைகளால் தாங்கி, வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் சாய்த்தார்.

"இப்படி நின்னு பாருங்க சார்."

கறுப்புத் தட்டின் மேல் ஒளி பட்டை பட்டையாக எழுந்தது. உள்ளே ஒடுக்கமாக ஒன்று, அதைவிட அகலமாக அடுத்தது, நடுநடுவே ஒலி ஏதும் இல்லாத வெறும் தடம். பாட்டுத் தட்டை வெயிலில் பிடித்தால் வெளிச்சம் நெளியும், மினுங்கும். இதில் ஒவ்வொரு பட்டையும் ஓரம் பிசகாமல் நேராக நின்றது. ஊசியை எவ்வளவு வேகமாக ஆட்டும்படி தடம் வெட்டப்பட்டிருக்கிறதோ, அந்த அளவுக்கு ஒளிப் பட்டை அகலும். புக்மன், மேயர் என்ற இருவர் 1930-இல் விளக்கிய முறை இது. இசைத்தட்டுத் துறையினர் விளக்கையும் அளவுகோலையும் வைத்தே தட்டில் பதிந்த ஒலியின் அளவைக் கணித்தார்கள். பட்டறை அண்ணன் அதைத் தன் கண்ணால் கற்றிருக்கிறார். "ஊசி போடாமயே எந்த எடத்துல என்ன சத்தம்னு படிச்சுடலாம். போடப்போட தேயும் பாருங்க, அதான் அடிக்கடி போடறதில்ல" என்றார்.

இது சோதனைத் தட்டு. கேட்டு மகிழ்வதற்காகச் செய்தது இல்லை. பிளேயர் சரியான வேகத்தில் சுற்றுகிறதா, ஊசி சரியாகப் படிக்கிறதா, ஆம்ப்ளிஃபயர் எந்தச் சுரத்தை விழுங்குகிறது, எதை ஊதிப் பெரிதாக்குகிறது என்று பார்ப்பதற்காக, அளவு தெரிந்த ஒலிகளை மட்டும் பதித்து வெளியிட்டார்கள். பழைய தொழில்காரர்கள் இன்னும் ஹெர்ட்ஸ் என்று சொல்வதில்லை, சைக்கிள் என்றுதான் சொல்கிறார்கள். ஆயிரம் சைக்கிள் என்றால் நொடிக்கு 1000 அதிர்வு. 1954-இல் அமெரிக்க இசைத்தட்டுக் கம்பெனிகள் கூடி ஆர்.ஐ.ஏ.ஏ. என்ற பொது அளவை வகுத்தபோதும் இந்த 1000-தான் நடுமையம். அதற்குக் கீழே உள்ள ஒலிகளைக் குறைத்தும், மேலே உள்ளவற்றைக் கூட்டியும் தட்டில் வெட்டுவார்கள். ஆம்ப்ளிஃபயர் அதைத் தலைகீழாகத் திருப்பிச் சமன் செய்யும். மூடப்பட்ட ஒரு சினிமா தியேட்டரின் பழைய சாமான்களை வாங்கியபோது நான்கு வேக பிளேயர் ஒன்றோடு இந்தத் தட்டும் வந்ததாம்.

பட்டறை சிறியது. சுவரோரம் குழாய் ஸ்பீக்கர்கள் ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி அடுக்கியிருக்கின்றன. கூரையிலிருந்து சீரியல் லைட் சரங்கள் தொங்குகின்றன. ஈயம் உருகும் வாசனையோடு, காற்று திரும்பும்போது சேகோ ஆலைகளின் புளித்த திப்பி வாசனையும் வருகிறது. மரவள்ளி விளையும் ஊர்ப்பக்கம் அல்லவா! பங்குனி, சித்திரையில் ஒரு சுற்று வேலை. ஆடி பிறந்தால் அம்மன் கோயில் திருவிழாக்களில் மூச்சுவிட நேரமில்லாத அடுத்த சுற்று. நடுவில் காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, அரசியல் கூட்டம். நான் போனது ஆடிக்கு முந்தைய நாட்களில். எல்லா யூனிட்டையும் பிரித்துப் போட்டிருந்தார்கள்.

குழாயின் பின்னால் திருகியிருக்கும் உருண்டையைத்தான் யூனிட் என்கிறார்கள். காந்தம், அதன் நடுவே நூலிடைச் சந்து, அந்தச் சந்துக்குள் ஆடும் கம்பிச்சுருள், சுருளோடு ஒட்டிய மெல்லிய டயாபிரம். ஒரு பையன் மூடியைக் கழற்றி, கருகிய டயாபிரத்தை எடுத்துப் போட்டான். கெட்டி அட்டையைச் சிறு துண்டாக வெட்டி, அதன் மேல் செல்லோ டேப்பைப் பசை வெளியே தெரிகிற மாதிரி சுற்றி, காந்தச் சந்துக்குள் விட்டு வட்டமாக ஓட்டினான். வெளியே எடுத்தபோது டேப்பில் கறுப்பாக இரும்புத்தூள் அப்பியிருந்தது. மறுபடி சுற்றினான், மறுபடி ஓட்டினான். டேப் வெள்ளையாக வரும்வரை அவன் நிறுத்தவில்லை.

புது டயாபிரத்தை வைத்த பிறகுதான் ஒலிக்கு வேலை வருகிறது. ஸ்க்ரூக்களை அரைகுறையாக முடுக்கிவிட்டு, 400 சைக்கிள் ஒலியை மிக மெல்லிய அளவில் யூனிட்டுக்குக் கொடுத்தார்கள். சுருள் காந்தத்தில் எங்கோ உரசியது. சுத்தமான 'ஊ'வுக்கு மேல் 'கர்ர்' என்று ஒரு அடுக்கு ஏறி நின்றது. அண்ணன் கட்டை விரலால் டயாபிரத்தின் விளிம்பை மயிரிழை நகர்த்தி, எதிரெதிர் ஸ்க்ரூக்களை மாற்றி மாற்றிக் கால் திருகாக முடுக்கினார். 'கர்ர்' மெலிந்தது, ஒரு பக்கம் போய் மறுபக்கம் வந்தது, பிறகு சட்டென்று இல்லாமல் போனது. ஒலி மட்டும் தனியாக நின்றது. அவர் முகத்தைத்தான் நான் அப்போது பார்த்துக்கொண்டிருந்தேன். தம்புராவின் ஜீவாளியைச் சரியான இடத்தில் வைத்துவிட்ட வித்வானின் முகம் அது.

"குழாய் மாட்டாத யூனிட்டுக்கு நூறு சைக்கிளைக் குடுத்துராதடா, கிழிஞ்சுபோயிரும்" என்று பையனை எச்சரித்தார். உண்மைதான். கூம்புக்குள் அடைபட்ட காற்றின் எதிர்ப்பு இருந்தால்தான் டயாபிரத்தின் ஆட்டம் அளவோடு நிற்கும். பொறியியல் புத்தகத்தில் ஒரு அத்தியாயம் பிடிக்கிற செய்தியை ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டு அவர் அடுத்த யூனிட்டை எடுத்தார்.

ஒரே பக்கம் பார்த்து இரண்டு குழாய் கட்டும்போது ஒன்றில் ப்ளஸ் மைனஸ் மாறிவிட்டால், ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கும். இரண்டும் ஒன்றையொன்று தின்று சத்தம் சூம்பிப்போகும். பாட்டுப் போட்டால் இது சட்டென்று பிடிபடாது. ஒற்றை ஒலியில் உடனே தெரியும். திருவிழாவில் காதைக் கிழிக்கும் குழாய்களைப் பற்றி நமக்கெல்லாம் புகார் உண்டு. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்று வரம்பும் வைத்திருக்கின்றன. அந்த விதி வேண்டும் என்பதே என் கருத்து. ஆனால் பாதி இரைச்சல் சுருதி கெட்ட யூனிட்டை எல்லை மீறி முறுக்குவதால் வருகிறது. ஒழுங்காகச் சோதித்துக் கட்டிய குழாயைக் குறைந்த அளவில் வைத்தாலே சொல் சுத்தமாகக் கேட்கும். இந்தப் பட்டறையில் அதை நேரில் கேட்டேன்.

பிளேயரின் வேகத்தைச் சரிபார்க்க இன்னொரு அட்டைத் தட்டு இருக்கிறது. அதில் ஒலி கிடையாது, வட்டமாகக் கோடுகள் மட்டும். 33⅓ வேகத்துக்கு 180 கோடு, 45-க்கு 133, 78-க்கு 77. நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று என்பதால் சோக் வைத்த டியூப் லைட் நொடிக்கு 100 முறை மினுக்கும். அந்த வெளிச்சத்தில் தட்டு சரியான வேகத்தில் சுற்றினால் கோடுகள் அசையாமல் நின்றதாகத் தெரியும். வேகம் குறைந்தால் பின்னோக்கி நகரும், கூடினால் முன்னோக்கி. எல்.இ.டி. விளக்குகள் பலவற்றில் இது சரியாகத் தெரிவதில்லை. பட்டறை முழுவதும் எல்.இ.டி.க்கு மாறிய பிறகும் ஒரு பழைய டியூப் லைட்டை இதற்காகவே வைத்திருக்கிறார்கள்.

இதுவரை சொன்னது தொழில். இசை எங்கே என்றால், அண்ணனின் அக்கா மகனிடம் இருக்கிறது. கல்லூரி முடித்தவர். பகலில் மாமாவுக்கு ஒயர் இழுக்கிறார், இரவில் கணினியில் இசை செய்கிறார். "மாப்ள, சாருக்கு அந்த ஊஊ பாட்டைப் போட்டுக் காட்டுடா" என்றார் அண்ணன்.

"இருங்க மாமா, மொதல்ல ஆம்ப்ளிய சும்மா கேக்கட்டும்" என்று அவர் ஆம்ப்ளிஃபயரை மட்டும் போட்டார். எதுவும் பாடாத நிலையில் அதன் அடிவயிற்றில் ஒரு முனகல். கீபோர்டில் ஐந்து கட்டையை அழுத்தினார். ஒத்துப்போனது, முனகல் மட்டும் கொஞ்சம் கூடுதலாக. கணக்குப் போட்டால் அப்படித்தான் வரும். 50 சைக்கிள் மின்சாரத்தின் முனகல் 50, 100 அதிர்வுகளில் நிற்கிறது. மந்தர ஐந்து கட்டை 98. அரைச்சுரத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவு நம் மின்சாரம் மேலே. பெண் பாடகர்கள் பலர் வைத்துக்கொள்ளும் சுருதி ஐந்து கட்டை. நம் ஊர் டிரான்ஸ்ஃபார்மர்களும் சேகோ ஆலை மோட்டார்களும் அதன் பக்கத்தில்தான் நின்று முனகுகின்றன. அமெரிக்காவில் மின்சாரம் 60 சைக்கிள். அங்கே அது ஆறரைக்கும் ஏழுக்கும் சரிபாதியில், எந்தக் கட்டையிலும் சேராமல் நிற்கும்.

தட்டில் உள்ள 400 சைக்கிள், இந்த 50-க்கு மூன்று ஸ்தாயி மேலே உள்ள அதே சுரம். இளைஞர் இதைக் காதால்தான் முதலில் கண்டுபிடித்தாராம், கணக்கு பிறகு வந்தது. முனகலைச் சுருதியாக வைத்துக்கொண்டு 400-ஐ சட்ஜமாக்கினார். பிளேயரின் வேகக் கட்டையைத் திருப்பினால் சுரம் மாறும். 33⅓ வேகத்தில் 400 தரும் அந்த ஒலி, 16-இல் (துல்லியமாக 16⅔) சரியாக ஒரு ஸ்தாயி கீழே, 200. 45-இல் 540, சுத்த மத்யமத்துக்கு ஒரு இழை மேலே. 78-இல் 936, மேல் ஸ்தாயியில் சதுஸ்ருதி ரிஷபத்துக்கும் சாதாரண காந்தாரத்துக்கும் நடுவில், ஹார்மோனியத்தில் கிடைக்காத இடம். வேகம் ஏறும் அந்தக் கணத்தில் ஒலி வழுக்கிக்கொண்டு போவது ஜாருவை நினைவூட்டியது. 33⅓ வேகத்தில் ஒரு சுற்றுக்கு 1.8 நொடி. அதில் மூன்று அடி வைத்தால் நிமிடத்துக்குச் சரியாக 100. அந்த நடைக்குள் சென்ற ஆடியில் ஒரு அம்மன் கோயிலில் தானே பதிந்த பம்பையைப் பொருத்தியிருந்தார். தட்டின் நடு ஓட்டை துளி விலகியிருப்பதால் ஒவ்வொரு சுற்றிலும் ஒலி மெல்ல ஏறி இறங்குகிறது. போன் ஆப்பில் கிடைக்கும் ஒலியில் இந்த மூச்சு இல்லை.

இவருக்கு முன்னோடிகள் உண்டு. அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜ் 1939-இல் சியாட்டிலின் கார்னிஷ் பள்ளியில் 'இமேஜினரி லேண்ட்ஸ்கேப் நம்பர் 1' என்ற படைப்பைச் செய்தார். வேகம் மாற்றக்கூடிய இரண்டு பிளேயர்கள், சோதனைத் தட்டுகள், நரம்பை அமுக்கிய பியானோ, ஒரு சிம்பல், அவ்வளவுதான் வாத்தியங்கள். மின்கருவி இசையின் தொடக்கப் படைப்புகளில் ஒன்றாக இன்று அதைச் சொல்கிறார்கள். அதே கேஜிடம் 1946-இல் நியூயார்க்கில் மேற்கத்திய இசை கற்று, பதிலுக்கு இந்திய இசையைக் கற்றுக்கொடுத்தவர் அகமதாபாத்தைச் சேர்ந்த கீதா சாராபாய். அந்த அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969-இல் டேவிட் டியூடர் மூக் சிந்தசைசரை நிறுவ, கீதாவும் வேறு இந்தியர்களும் அதில் இசை செய்தார்கள். அந்த இசை பதிந்த நாடாக்கள் பல காலம் கிடப்பில் இருந்து 2023-இல் தொகுப்பாக வெளிவந்தன. ஆத்தூர் இளைஞர் அவற்றைக் கேட்டிருக்கிறார். அங்கே ஒரு நிறுவனம் பின்னால் இருந்தது. இங்கே ஒரு பழைய பிளேயரும், 400 சைக்கிளை உரசல் இல்லாமல் நிறுத்தத் தெரிந்த ஒரு மாமாவும்.

அவருடைய இசை எல்லோருக்கும் பிடிக்கும் என்று சொல்லமாட்டேன். சில இடங்களில் நீளம் அதிகம், 3000 சைக்கிள் வரும் பகுதி காதைக் குத்துகிறது. ஆனால் இது இந்த மண்ணின் இசை. இந்த ஊர் மின்சாரமும் பம்பையும் குழாயும் சேர்ந்துதான் அதற்குச் சுருதியும் தாளமும் குரலும் கொடுத்திருக்கின்றன.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ, ஊர்ச் சபாவிலோ, கோயில் அலுவலகத்திலோ பழைய ஸ்பூல் நாடாக்கள் இருந்தால், தொடக்கத்தில் சில நொடி 'ஊ' என்று ஒரே ஒலி கேட்கலாம். கச்சேரி தொடங்கவில்லையே என்று கணினியில் ஏற்றும்போது அதை வெட்டிவிடாதீர்கள். பதிந்தவர் எந்த அளவில், எந்த வேகத்தில் பதிந்தார் என்பதற்கு அவர் வைத்த சாட்சி அதுதான். அதை வைத்தே பாடியவரின் சுருதியைச் சரியாக மீட்க முடியும். அதேபோல, எண்கள் மட்டும் அச்சிட்ட தட்டு ஏதாவது பரணில் கிடைத்தால் பழைய இரும்புக்காரரிடம் போடாமல், பக்கத்தில் உள்ள ஒரு மைக் செட் பட்டறையில் கொடுங்கள்.