குரலுக்கு யார் சாட்சி?

நான் வாதாடிய வழக்கல்ல இது. கல்முனையில் இருந்துகொண்டு தீர்ப்புத் தீர்ப்பாகத் தேடி வாசித்த வழக்கு. பிரித்தானிய விசாவுக்கான டோயிக் ஆங்கிலச் சோதனையில் மாணவருக்குப் பதிலாக வேறொருவர் கணினி முன் அமர்ந்து பேசுவதை 2014 பெப்ரவரியில் பிபிசி அம்பலப்படுத்தியது. மோசடி நடந்தது உண்மை. அதில் எனக்கு ஐயமில்லை.

பரீட்சார்த்தி மைக்கில் பேசுவது பதிவாகும். அந்தப் பதிவு அமெரிக்காவின் இ.டி.எஸ். நிறுவனத்துக்குப் போகும்; முகம் காணாதவர்கள் புள்ளியிடுவார்கள். குட்டு வெளிப்பட்டதும் நிறுவனம் அதே பதிவுகளைக் குரலறியும் மென்பொருளில் போட்டுப் பார்த்தது. பல பெயர்களில் ஒரே குரல் என்று மென்பொருள் காட்டியதை, பயிற்சி பெற்ற இருவர் காதால் கேட்டு உறுதிப்படுத்தினால் ஆள்மாறாட்டம். 58,458 சோதனைகளில் 33,663 செல்லாதவை, 22,476 சந்தேகத்துக்குரியவை என்று முடிவு வந்தது. மிஞ்சியவை 2,319. நூறு பேரில் நான்கு பேர்தான் சுத்தம் என்று ஒரு கணக்குச் சொன்னால், கணக்குப் போட்டவரையும் கூண்டிலேற்றிக் கேட்கத்தானே தோன்றும்?

உள்துறை அமைச்சு அப்படிக் கேட்கவில்லை; விசாக்களை ரத்துச் செய்தது. பலருக்கு மேன்முறையீட்டு உரிமை இருந்தது, ஆனால் நாட்டைவிட்டு வெளியேறிய பிறகுதான். படிப்பும் கட்டிய பணமும் போய், ஊரில் இருந்துகொண்டு லண்டனில் வழக்காடுவது எந்த வாப்பாவுக்குக் கட்டுப்படியாகும்? அது போதிய பரிகாரமல்ல என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் சொன்னபோது 2017 டிசம்பராகிவிட்டது.

அதற்கு முன், 2016இல், இரு மாணவர்களின் வழக்கை நீதிபதி மெக்லொஸ்கி தலைமையில் மேல் தீர்ப்பாயம் விசாரித்தது. அமைச்சுக்காகச் சாட்சி சொன்ன அதிகாரிகள் இருவருக்கும் குரல் ஆய்வில் நிபுணத்துவம் இல்லை. எங்கள் நீதவான் நீதிமன்றத்தில் ஒரு போதைப்பொருள் பொட்டலம்கூட, பொலிஸின் கையிலிருந்து அரச பகுப்பாய்வாளரின் மேசைவரை முத்திரை கலையாமல் போனதை எண்பிக்க வேண்டும். ஒலிப்பதிவைச் சான்றாக்க விரும்புபவர் விசாரணைத் திகதிக்கு 45 நாட்களுக்கு முன்பே எதிர்த்தரப்புக்கு அறிவிக்க வேண்டும் என்கிறது எமது 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம். இரு குரல்கள் ஒன்று என மென்பொருள் சொல்லலாம்; மோசடி நடந்த அதே அறையிலிருந்து வந்த கோப்பு இன்னாருடையதுதான் என்பதற்கு அது சாட்சியாகாது. பொய்யை எண்பிக்கும் பொறுப்பு இறுதியில் அமைச்சின் தோளில்தான் என்ற தீர்ப்பாயம், இரு மாணவர்களையும் வெல்ல வைத்தது.

கதை அங்கே முடியவில்லை. 2022இல் அதே தீர்ப்பாயம் வேறொரு வழக்கில் மறுபக்கம் சாய்ந்தது: அமைச்சின் சான்று வலுவானது, நான்தான் பேசினேன் என்ற சொல் மட்டும் போதாது. சட்டம் அப்படித்தான், ஆனால் 2014க்குப் பின் கட்டாயமாக அனுப்பப்பட்டவர்கள் 2,400க்கும் மேல், தாமாகக் கிளம்பியவர்கள் 7,000க்கும் மேல். இவர்களில் குற்றமற்றவர் எத்தனை பேர் என்று எந்த மென்பொருளும் பிரித்துத் தராது.

மகனின் ஒன்லைன் பேச்சுச் சோதனை பற்றிக் கேட்க சாய்ந்தமருதிலிருந்து ஒருவர் வந்தார். "சேர், கம்ப்யூட்டர் பிழையாச் சொல்லுமா?" என்றார். சொல்லலாம் என்றேன். அவருக்குச் சொன்னதை எல்லோருக்கும் சொல்கிறேன்: பணம் கட்டிய பற்றுச்சீட்டு, பஸ் டிக்கெட், நிலையத்தில் எடுத்த படம், அன்று என்ன கேட்டார்கள் என்ற குறிப்பு எல்லாவற்றையும் விசா கையில் கிடைத்த பிறகும் வீசிவிடாதீர்கள்.