எர்லிக் கான் ஊருக்குப் போகும் வழி

கோர்னோ-அல்தாய்ஸ்க்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

நான்கு நாளாகக் காதுன் ஆற்றையும் அதில் வந்து கலக்கும் சூயா ஆற்றையும் ஒட்டியே பயணம். கணவாய்களில் வண்டி நின்றபோதெல்லாம் மரக்கிளைகளில் வெள்ளைத் துணிக்கீற்றுகள் ஆடிக்கொண்டிருந்தன. ‘ஜலமா’ என்கிறார்கள், மலைக்குச் செய்யும் மரியாதை. இன்று ஊர் திரும்பியதும் அனோகின் அருங்காட்சியகத்துக்குப் போய், ஒரு பறையின் முன்னால் நெடுநேரம் நின்றுவிட்டேன்.

அதை அடித்தவரைக் ‘காம்’ என்பார்கள். நம் கோடாங்கி போல என்று வைத்துக்கொள்ளுங்கள். பறையின் பின்பக்கத்தில் கைப்பிடிக் கட்டையே ஒரு மனித உருவம். குறுக்கே போகும் இரும்புக் கம்பி அதன் கைகள். கம்பியில் கோத்த இரும்புக் குழல்கள் ஆடும்போது கலகலக்கும். காமுக்கு இந்தப் பறைதான் குதிரை. அவர் இறந்தால் தோலைக் கிழித்துக் காட்டு மரத்தில் மாட்டிவிடுவார்கள்.

பாதாளத்தின் அரசன் எர்லிக்கிடம் அந்தக் குதிரை போன வழியை, அல்தாய்க்காரரான செவல்கோவ் என்ற பாதிரியார் சொல்ல, பொத்தானின் என்ற ரஷ்ய ஆய்வாளர் 1880களில் அச்சேற்றினார். சமவெளிகளைத் தாண்டினால் வானைத் தொடும் இரும்பு மலை. ஏற முடியாமல் விழுந்த காம்களின் எலும்பும் அவர்களது குதிரைகளின் எலும்பும் அங்கே வெளுத்துக் கிடக்கின்றன. அப்பால் தரையில் ஒரு துளை. இறங்கினால் கடல், அதன்மேல் மயிரிழைப் பாலம். காம் தள்ளாடித் தள்ளாடி அதன்மேல் நடந்து காட்டுவார். பாவம் செய்தவன் கடக்க முடியாது.

அக்கரையில் தண்டனைகள். ஒட்டுக்கேட்டவனைக் காதில் ஆணி அடித்துக் கம்பத்தோடு நிறுத்தியிருக்கிறார்கள். அவதூறு பேசியவன் நாக்கால் தொங்குகிறான். பெருந்தீனிக்காரனைச் சுற்றிலும் நல்ல நல்ல பதார்த்தங்கள். ஒன்றும் கைக்கு எட்டாது.

அந்த ஒட்டுக்கேட்டவனை விட்டு என் மனம் நகரவே இல்லை. நேற்று ஒரு வீட்டு முற்றத்தில் ‘அயில்’ என்னும் அறுகோணக் குடிலுக்குள் உட்கார்ந்திருந்தேன். ஒரே அறை, நடுவில் நெருப்பு. வெளியே ஒருவர் குதிரையிடம் பேசியது வார்த்தை வார்த்தையாகக் கேட்டது. இது மரக்கட்டைச் சுவர். கம்பளிதான் சுவர் என்றிருந்த காலத்தில், பக்கத்துக் கூடாரத்தின் பேச்சுக்குக் காது கொடுக்காமல் இருப்பதுதானே மனிதரின் பெரிய நாகரிகமாக இருந்திருக்கும்!

ஆனால் இந்தத் தண்டனைகள் ஆதியிலேயே இங்கே இருந்தன என்று நான் நம்பவில்லை. மங்கோலியாவின் ஓர்கோன் பள்ளத்தாக்கில் 732இல் குல் தேகின் என்ற துருக்கிய இளவரசனுக்காக நிறுத்திய கல்வெட்டில், இறந்த ககான், அதாவது பேரரசர், பறந்து போகிறார், அவ்வளவுதான். எனிசேய் ஆற்றுப் பக்கத்துப் பழைய நினைவுக்கல் ஒன்றில் எர்லிக், எர்க்லிக் என்ற பழைய பெயரில் வருகிறான். உற்றாரைப் பிரித்துவிடுகிறான் என்ற துக்கம்தான் அதில் இருக்கிறது. யாரையும் அவன் வதைக்கவில்லை. நரகத்துக்குத் துருக்கியர் சொன்ன ‘தமு’ என்ற சொல்லே மத்திய ஆசிய வணிகர்களான சோக்தியரிடமிருந்து வாங்கியது. பிறகு பௌத்தம் தழுவிய துருக்கியரான உய்குர்கள் எமனுக்கு எர்க்லிக் கான் என்று பெயர் வைத்தார்கள். வலிமை மிக்க அரசன் என்று பொருள். மங்கோலியரிடம் அவனே எர்லெக் நோமுன் கான். நோம் என்றால் தர்மம், கான் என்றால் அரசன். சேர்த்துச் சொல்லிப் பாருங்கள் அண்ணாச்சி, எமதர்மராஜன்! எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பிரிவைத் தந்தவன் கையில் கணக்கும் ஆணியும் வழியில்தான் வந்து சேர்ந்திருக்க வேண்டும். செவல்கோவ் பாதிரியார் என்பதால் கிறித்தவ நரகமும் கொஞ்சம் கலந்திருக்கலாம்.

இங்கே அல்தாயில் 1904இல் ‘அக் ஜாங்’ என்ற வெள்ளை மார்க்கம் எழுந்தபோது, எர்லிக்குக்கு இரத்தப் பலி கூடாதென்று பறைகளை எரித்தார்கள். மிஞ்சியவற்றையும் சோவியத் காலம் விடவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் நான் பார்த்தது தப்பிப் பிழைத்த சிலவற்றில் ஒன்று. அது எரியாமல் கிடைத்ததற்கு மனதாரக் கைகூப்பினேன்.

காமின் கதையை முடிக்கவில்லையே. தண்டனைகளை அவர் வழிக்காட்சியாகத்தான் பார்த்துக்கொண்டு போகிறார். போகிற காரியம் எர்லிக்கிடம் பேசுவது. காவல் நாய்களையும் வாயில்காப்போனையும் பரிசு கொடுத்துத் தாண்டி, அவன் முன்னால் பணிந்து நிற்பார். எர்லிக் சீறுவான். மதுவும் தோல் ஆடைகளும் வைத்ததும் மெல்ல இளகி, குடித்து மயங்கி, கால்நடை பெருகும் என்று வரம் தருவான். திரும்பும்போது குதிரை இல்லை, காட்டு வாத்தின் மேல் ஏறி வருவார். நெருப்பைச் சுற்றிக் கால் நுனியில் நடந்து, வாத்தைப் போலக் கத்தி, உட்கார்ந்து, தூங்கி எழுந்தவர்போலக் கண்ணைத் தேய்ப்பார். சுற்றி இருப்பவர்கள் பயணம் எப்படி என்று கேட்பார்கள். நல்லபடியாகப் போய் வந்தேன், நன்றாக வரவேற்றார்கள் என்பார்.

நாளை பர்னாவுலுக்குப் பேருந்து. வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் தம்பி