வராத வட்டியும் வருமானம்தான்!

ஒரு வங்கி தன் கணக்கில் ஒரு பொய்யை எத்தனை வருடம் வைத்திருக்கலாம்? 1992 வரை இந்தியாவில் இதற்குக் கறாரான, எல்லா வங்கிகளுக்கும் பொதுவான விதி இல்லை.

1970களில் கும்பகோணத்திலிருந்து புனேவுக்கு மாற்றலாகி வந்த அரசு வங்கி அதிகாரி ஒருவருக்கு மராட்டி பேசிப் பழக ஆறு மாதம் ஆயிற்று. லெட்ஜரின் மொழி ஒரு வாரத்தில் புரிந்துவிட்டது. கடன் வாங்கிய பட்டறை பூட்டிக் கிடக்கும். ஆனாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதன் கணக்கில் வட்டி பற்று எழுதப்படும். எழுதிய வட்டி வங்கிக்கு வருமானம். பணம் வராது, லாபம் வரும். ஏட்டுச் சுரைக்காய்தான். ஆனால் அவரது கிளை வருடா வருடம் அதைக் கறி சமைத்தது.

சோம்பேறித்தனம் மட்டும் இதற்குக் காரணமல்ல. 1969 ஜூலை 19 அன்று 14 வங்கிகள் நாட்டுடைமை ஆயின. புனேயில் 1935இல் பிறந்த மகாராஷ்டிரா வங்கியும் அவற்றில் ஒன்று. அப்போது நாடு முழுவதும் இருந்த வங்கிக் கிளைகள் 8,262. 1991இல் 60,000க்கும் மேல். வங்கியையே பார்த்திராத கிராமங்களுக்கு அது வந்து சேர்ந்தது. அந்தச் சாதனையை அந்த அதிகாரி கடைசிவரை விட்டுக்கொடுத்ததில்லை. ஆனால் 1991 வாக்கில், வங்கியில் போட்ட ஒவ்வொரு 100 ரூபாயிலும் 38.50 ரூபாய் அரசுக் கடன் பத்திரங்கள் போன்றவற்றுக்கும், 15 ரூபாய் ரிசர்வ் வங்கிக்கும் போக வேண்டியிருந்தது. மிச்சத்தில் கொடுக்கும் கடனிலும் 40 சதவீதம் முன்னுரிமைத் துறைகளுக்கு. வங்கி தன் இஷ்டப்படி கடன் தர எஞ்சியது சுமார் 28 ரூபாய்.

1991 நவம்பரில் நரசிம்மம் குழு அறிக்கை தந்தது. அடுத்த வருடமே புது விதிகள் வந்தன: கைக்கு வராத வட்டியை வருமானமாகக் காட்டக் கூடாது. முதலில் நான்கு காலாண்டுகள் அவகாசம். அது படிப்படியாகக் குறைந்து 2004இல் 90 நாள் ஆனது. விளைவு? 1992-93இல் அரசு வங்கிகள் மொத்தமாகச் சுமார் ரூ. 3,300 கோடி நஷ்டம் காட்டின. அதிகாரியின் கிளையிலும் அதே நாற்காலிகள், அதே ஆட்கள். நேற்று லாபம், இன்று நஷ்டம். "நஷ்டம் நேற்றும் இருந்தது. இன்றுதான் எழுதியிருக்கிறோம்" என்று சக ஊழியர்களுக்கு விளக்கினார் அவர்.

அதே வருடங்களில் சோஷலிசத்தைக் கைவிட்ட மற்ற நாடுகள் வேறு வழிகளில் போயின. ரஷ்யாவில் 1992இல் விலைக் கட்டுப்பாடு நீங்கியதும் பணவீக்கம் மக்களின் ஆயுள் சேமிப்பைக் கரைத்தது. போலந்து தன் பெரிய வங்கிகளில் பெரும்பாலானவற்றை அந்நிய முதலாளிகளிடம் விட்டது. இந்தியா 1993இல் புதிய தனியார் வங்கிகளுக்குக் கதவைத் திறந்தது. அரசு வங்கிகளைக் கையை விட்டுவிடவில்லை.

ஆனால் உண்மைக் கணக்குக்கு ஒரு விலை உண்டு. அதை யார் தருவது? புனேயே இரண்டு விடைகளைச் சொல்கிறது. 2015இல் ரிசர்வ் வங்கி கடன்களின் தரத்தைத் துருவிப் பார்க்க ஆரம்பித்தது. 2017 ஜூனில் மகாராஷ்டிரா வங்கி அதன் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்ந்தது. 2018 மார்ச்சில் அதன் வராக் கடன் 19 சதவீதத்தைத் தாண்டியது. அரசு மூலதனம் போட்டது. 2019 ஜனவரியில் வங்கி பட்டியலிலிருந்து வெளியே வந்தது. 2024 மார்ச்சில் வராக் கடன் 2 சதவீதத்துக்கும் கீழே. சேமிப்பாளர் யாரும் ஒரு ரூபாய்கூட இழக்கவில்லை. செலவு வரி கட்டியவர்களுடையது.

அதே ஊரில் 1912இல் தொடங்கிய ரூபி கூட்டுறவு வங்கிக்கு இப்படிக் கைகொடுக்க ஆள் இல்லை. 2013இல் பணம் எடுப்பதற்குக் கட்டுப்பாடு வந்தது. 2022இல் உரிமம் ரத்தானது. இடையில் ஒன்பது வருடக் காத்திருப்பு. காப்பீட்டு உச்சவரம்பு 2020இல் ரூ. 1 லட்சத்திலிருந்து ரூ. 5 லட்சமாக உயர்ந்ததுதான் சிறு சேமிப்பாளர்களுக்குக் கிடைத்த ஆறுதல். அதற்கு மேல் போட்டிருந்தவர்கள் பாடு திண்டாட்டம்.

2001இல் விருப்ப ஓய்வு பெற்ற அதிகாரியிடம், கூடுதல் வட்டி தரும் கூட்டுறவு வங்கி ஒன்றை நண்பர்கள் சிபாரிசு செய்தார்கள். அவர் கேட்டது ஒன்றுதான்: "வராக் கடன் எவ்வளவு?" யாருக்கும் தெரியவில்லை. பணத்தை அங்கே போடவில்லை. லெட்ஜரில் வாழ்ந்தவருக்கு அந்தக் கேள்வி தெரிந்திருந்தது. பென்ஷன் பணத்தோடு வரிசையில் நிற்கும் மற்றவர்களுக்கு அதை யார் சொல்லித் தருவது? நஷ்டத்தை மறைக்காமல் எழுதுவது சீர்திருத்தத்தின் முதல் பாதி. அது அப்பாவி சேமிப்பாளரின் தலையில் விழாமல் தடுப்பது மறு பாதி. அந்தப் பாதி இன்னும் பாக்கி.