கத்தி தியேரில், பெயர் வேறூரில்

பிரான்சில் யாராவது சட்டைப்பையிலிருந்து மடக்குக் கத்தியை எடுத்துச் சீஸ் நறுக்கினால், அது எங்கள் வட்டாரத்துக் கத்தி என்று கண்ணை மூடிக்கொண்டு பந்தயம் கட்டலாம். மரப்பிடி போட்ட ஒப்பினெல் என்றால் மட்டும் தோற்பீர்கள். அது 1890 முதல் சவோய் மலைக்காரர்களுடையது. மற்றபடி இந்த நாட்டில் செய்யப்படும் கத்திகளில் ஏறக்குறைய 70 சதவீதம் தியேரிலும் அதைச் சுற்றியுள்ள கிராமங்களிலும்தான் உருவாகின்றன. ஆனால் வாங்குகிறவரிடம் தியேர் எங்கே இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். உதட்டைப் பிதுக்குவார்.

கிளெர்மோன்-ஃபெரானிலிருந்து கிழக்கே நாற்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். புய்-த-தோம் மாவட்டத்தில் ஒரு துணைக்கோட்டத் தலைமையிடம். நிர்வாகம் பற்றி அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. ஊர் மலைச்சரிவில் தொற்றிக்கொண்டிருக்கிறது. மதில்மேட்டுத் திடலில் நின்றால் லிமாஞ் சமவெளியும், அதற்கப்பால் வரிசையாக அணைந்த எரிமலைகளும் தெரியும். மரச்சட்டம் வைத்துக் கட்டிய 15-ஆம் நூற்றாண்டு வீடுகள் உண்டு. பிரூ மாளிகையைப் படம் எடுக்காமல் எந்தச் சுற்றுலாப் பயணியும் போவதில்லை. எடுத்துக்கொள்ளட்டும். ஊரின் உயிர் அங்கே இல்லை. கீழே, துரோல் ஆற்றின் பள்ளத்தில் இருக்கிறது.

இந்த ஊரில் இரும்புத் தாது கிடையாது. நல்ல சாணைக்கல்லும் கிடையாது. இரண்டையும் வெளியூர்களிலிருந்து சுமந்து வந்தார்கள். இருந்தது தண்ணீர் ஒன்றுதான். துரோல் பெரிய ஆறு இல்லை. ஆனால் கொஞ்ச தூரத்துக்குள் செங்குத்தாக இறங்கி ஓடுகிறது. அந்த வேகத்தில் சக்கரத்தைச் சுழற்றலாம், சம்மட்டியைத் தூக்கலாம், காகித ஆலையையும் ஓட்டலாம். கத்திக்காரர்கள், காகிதக்காரர்கள், சீட்டுக்கட்டு அச்சடிப்பவர்கள் என்று எல்லாரும் அந்த ஒரே ஆற்றை நம்பி வாழ்ந்தார்கள். 1582-லேயே கத்திக்காரர்களுக்கு முறைப்படி சங்கம் அமைந்துவிட்டது. சிலுவைப் போருக்குப் போனவர்கள் கிழக்கிலிருந்து இந்த வித்தையைக் கொண்டுவந்தார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். ஆதாரம் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

சாணைக்காரர்களைப் பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டும். ஆற்றோரம் தாழ்ந்த கொட்டகை. அதற்குள் தண்ணீரில் சுழலும் கல். கல்லுக்கு மேலே சாய்வாக ஒரு பலகை. அந்தப் பலகையில் குப்புறப் படுத்து, இரண்டு கைகளாலும் கத்தி அலகைக் கல்லின்மேல் அழுத்திப் பிடிப்பார்கள். படுத்தால்தான் உடம்பின் பாரம் முழுவதும் கைக்கு வரும். முதுகும் கொஞ்சம் தப்பிக்கும். தெறிக்கும் சாணைச் சேறு வயிற்றில் படிந்து மஞ்சளாகும். அதனால் அவர்களுக்கு ‘மஞ்சள் வயிற்றுக்காரர்கள்’ என்று பட்டப்பெயர். பனிக்காலத்தில் பள்ளத்தாக்குக்குள் வெயிலே எட்டிப் பார்க்காது. முகத்துக்கு நேரே குளிர்ந்த நீர், காலடியில் ஈரம். அதற்கு அவர்கள் கண்ட வைத்தியம் நாய்! பழக்கிய நாய் ஏறி வந்து காலின்மேல் படுத்துக்கொள்ளும், கால் விறைக்காது. பழைய அஞ்சலட்டைப் படங்களில் அந்த நாய்களைப் பார்க்கலாம்; எஜமானரைவிட அவைதாம் கேமராவை ஆர்வமாகப் பார்க்கின்றன.

இப்படிக் குப்புறப் படுத்துச் சாணை பிடித்த கடைசி மனிதர் 1976-இல் வேலையை நிறுத்தினார். அவருடைய கொட்டகை இப்போது ஊர்க் கத்தி அருங்காட்சியகத்தின் ஒரு பகுதி.

ஒரு கத்தியை ஒரே ஆள் முழுதாகச் செய்ததாக நினைக்க வேண்டாம். அலகை அடித்தவர் ஒருவர், துளை போட்டவர் வேறொருவர். அரம் போடவும், பதம் கொடுக்கவும், சாணை பிடிக்கவும், மெருகேற்றவும் தனித்தனி ஆட்கள். கடைசியில் பூட்டிச் சேர்ப்பவர். பெரும்பாலும் அவரவர் வீடுதான் பட்டறை. மெருகேற்றுவதில் பெண்கள் நிறையப் பேர். பாதி முடிந்த கத்தி வீடு வீடாக மலையில் ஏறி இறங்கி, ஊரையே ஒரு சுற்றுச் சுற்றிய பிறகுதான் வியாபாரியின் பெட்டிக்குப் போகும். ஜார்ஜ் சாண்ட் இந்த ஊரைப் பார்த்துவிட்டுப் போய்த்தான் 1860-இல் ‘கறுப்பு நகரம்’ நாவலை எழுதினார். புகைக் கரியைச் சொன்னார், சரிதான். இங்கே இருக்கிறவர்களுக்கு அந்தப் பட்டம் அவ்வளவாக உறுத்துவதில்லை.

எங்கள் ஆட்களின் கெட்டிக்காரத்தனமே பிறகு எங்களுக்கு வினையாகிவிட்டது. ஒவ்வொரு வட்டாரமும் எந்த உருவத்தில் கத்தி கேட்டதோ, அந்த உருவத்தில் செய்து கொடுத்தார்கள். இஸ்ஸுவார்க்காரருக்கு இஸ்ஸுவார், ஈசெஞ்சோக்காரருக்கு ஈசெஞ்சோ. 1929-இல் பசிபிக் தீவுகளுக்கென்று தகட்டுப் பிடியோடு ‘தூக்-தூக்’ என்ற கத்தியைச் செய்தார்கள். அது கடைசியில் அல்ஜீரியாவில்தான் பேர் வாங்கியது. எங்கள் பெயரை மட்டும் எதிலும் பெரிதாகப் பொறிக்கவில்லை.

எல்லாவற்றிலும் பெரிய புகழ் லயோலுக்கு. அது ஓப்ராக் பீடபூமியில் உள்ள ஒரு சிறு கிராமம். 1829-இல் பியேர்-ழான் கல்மெல்ஸ் என்பவர் அங்கே கத்திப் பட்டறை வைத்தார். மாடு வயிறு உப்பினால் குத்திக் காற்று இறக்க ஒரு குத்தூசியும் அந்தக் கத்தியில் சேர்ந்தது. பாரிஸுக்குப் பிழைக்கப் போய்க் காபிக்கடைகளில் வேலை பார்த்தவர்களுக்காக 1880 வாக்கில் தக்கைத் திருகியும் வந்தது. நியாயமாக அது அவர்களுடைய கத்திதான், மறுக்கவில்லை. ஆனால் 20-ஆம் நூற்றாண்டில் அந்தக் கிராமத்துப் பட்டறைகள் ஓய்ந்துபோன காலத்தில், லயோல் கத்தியை உயிரோடு வைத்திருந்தவை தியேரின் கைகள். 1987-இல்தான் அங்கே மறுபடி தொழிற்சாலை எழுந்தது. பிலிப் ஸ்டார்க் வரைந்த கட்டடம், கூரையில் 18 மீட்டர் உயரத்துக்கு ஓர் அலகு. நாங்கள் அப்படியெல்லாம் கூரையில் அலகு நட்டதில்லை.

வாங்க வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கத்தியை மூடிப் பின்பக்கமாகப் பாருங்கள். அலகு நட்டநடுவில் உட்கார வேண்டும், பக்கத் தகட்டில் உரசக் கூடாது. முதுகு வில்லில் உள்ள வேலைப்பாடு கை அரத்தால் இழைத்ததென்றால் இரண்டு பூக்கள் அச்சாக ஒன்றுபோல் இருக்காது. லயோல் கத்தியென்றால், வில்லின் தலையில் உள்ள தேனீ அந்த இரும்பிலேயே அடித்து எடுத்ததா, தனியே செய்து ஒட்டவைத்ததா என்று விரலால் தடவிப் பாருங்கள். நெப்போலியன் அளித்த தேனீ என்று கடைக்காரர் கதை விடுவார். தேனீ வந்து நூறு வருடம்தான் ஆகிறது. பிடி மாட்டுக் கொம்போ ஜூனிபர் மரமோ ஆலிவோ, அது உங்கள் விருப்பம். ஜூனிபர் என்றால் முகர்ந்து பாருங்கள், பல வருடத்துக்கு வாசனை போகாது. கரிம எஃகு அலகு கறுத்துப்போகும், ஆனால் வீட்டிலேயே எளிதாகத் தீட்டலாம். துரு ஏறாத சுவீடன் எஃகுக்கு அந்தக் கவலை இல்லை. மூடும்போது அலகைப் படீரென்று விழவிடாதீர்கள், முனை வில்லில் மோதி மழுங்கும். பரிசாகக் கொடுத்தால் பதிலுக்கு ஒரு சில்லறைக் காசு வாங்கிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் கத்தி நட்பை வெட்டிவிடும் என்பது இங்கத்திய நம்பிக்கை. காரணமில்லாமல் கத்தியோடு வெளியே சுற்றுவது சட்டப்படி குற்றம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

என் விருப்பம் எது என்று கேட்டால் ‘லெ தியேர்’. 1990-களில் கத்திக்காரர்கள் ஒரு சங்கமாகக் கூடி, ஒரு வழியாக ஊர்ப் பெயரிலேயே உருவாக்கிய கத்தி. வளைவு நெளிவு எல்லாருக்கும் பொது. மற்றதை அவரவர் கைவண்ணத்துக்கு விட்டுவிட்டார்கள். இந்த வட்டாரத்தில் செய்தால்தான் அந்தப் பெயரைப் பொறிக்கலாம். நூறு வருடத்துக்கு முன்பே செய்திருக்க வேண்டிய காரியம்.

இன்றைய நிலைமையைச் சொன்னால் கோபம்தான் வருகிறது. பாரிஸ் நினைவுப்பொருள் கடைகளில் பத்துப் பதினைந்து யூரோவுக்கு லயோல் கத்தி விற்கிறார்கள். ஆசியாவிலிருந்து கப்பலில் வந்தது. 1993-இல் ஒரு வெளியூர் வியாபாரி அந்தப் பெயரை வணிகச்சின்னமாகப் பதிந்துகொண்டார். லயோல் கிராமம் தன் பெயரைத் திரும்ப வாங்க 2019 வரை நீதிமன்றம் ஏறி இறங்கியது. 2022-இல் தியேரையும் சேர்த்து லயோல் கத்திக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது லயோல்காரர்களுக்குப் பொறுக்கவில்லை. எத்தனை தலைமுறையாகச் செய்து கொடுத்தோம் என்பதை வசதியாக மறந்துவிட்டார்கள்.

வெளியாரைச் சொல்லி என்ன? 1970-களில் 16 ஆயிரத்துக்கு மேல் இருந்த ஊரில் இன்று 12 ஆயிரம் பேர்கூட இல்லை. கத்திக்காரர் தெருவுக்குப் பக்கத்துச் சந்துகளில் இழுத்து மூடிய கடைக் கதவுகளைப் பாருங்கள். வியாபாரமெல்லாம் கார் நிறுத்த இடமுள்ள கீழூருக்கு இறங்கிவிட்டது. மேலே பழைய வீடுகள் ஆளில்லாமல் ஒழுகுகின்றன. அவற்றைச் செப்பனிடத் திட்டத்துக்கு மேல் திட்டம் வருகிறது, விளம்பரப் பலகை மட்டும் புதிதாக இருக்கிறது. கிழக்கே சாந்த்-எத்தியென் பக்கம் போகும் ரயில் 2016-இல் நின்றது, யாரும் பெரிதாகக் குரல் எழுப்பவில்லை. மே மாதம் கத்தித் திருவிழா நடக்கும் வார இறுதியில் உலகமே இங்கே வருகிறது. நகரசபைக்காரர்கள் மேடை ஏறிப் பெருமை பேசுகிறார்கள். திங்கட்கிழமை போய்ப் பழைய தெருவில் ஒரு காபி குடிக்கத் திறந்த கடையைத் தேடுங்கள், பார்க்கலாம்.