வலி பத்துக்கு எத்தனைம்மா?

போன மாசம் அம்மாவுக்கு முழங்கால் மாற்று ஆபரேஷன். (இப்ப நல்லா நடக்கறாங்க, கவலை வேண்டாம் மக்களே.) மதுரையில் அஞ்சு நாள் ஆஸ்பத்திரி வாசம். அப்ப நான் செய்யப் பார்த்த ஒரு கிறுக்குத்தனத்தைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதல் நாள் முதுகில் சின்னக் குழாய் வழியா ஃபென்டனில் கலந்த மருந்து போச்சு. அம்மா சிரிச்ச முகமா இருந்தாங்க. மறுநாள் குழாயை எடுத்துட்டு டிரமடால் ஊசி. கொஞ்ச நேரத்துல குடலே வெளிய வர்ற மாதிரி வாந்தி. பக்கத்துக் கட்டில் பாட்டிக்கும் அதே ஊசிதான். அவங்க குறட்டை விட்டுத் தூங்கறாங்க!

சிஸ்டர் வந்து "வலி பத்துக்கு எத்தனைம்மா?"ன்னு கேட்டா அம்மா பதில் எப்பவும் "ரெண்டு". ஆனா காலை மடக்கச் சொன்னா கட்டில் கம்பியைப் பிடிச்ச விரல் வெளுத்துப் போகுது.

மயக்க மருந்து டாக்டரைப் பிடிச்சேன். "இருக்கறதுலயே ஸ்ட்ராங்கானதைப் போடுங்க டாக்டர். ஃபென்டனில் மார்ஃபினை விட நூறு மடங்காமே?" எல்லாம் கூகிள் ஞானம்தான்.

அவர் சிரிச்சார். நூறு மடங்குங்கறது வெறும் எடைக் கணக்காம். 10 மில்லிகிராம் மார்ஃபின் ஊசி செய்யற வேலையை 100 மைக்ரோகிராம் ஃபென்டனில் செஞ்சிரும். டிரமடால்னா சுமார் 100 மில்லிகிராம் வேணும். காந்தாரி மிளகாய் ஒண்ணு போடற இடத்துல குண்டு மிளகாய் பத்து போடற மாதிரி. நிஜ வித்தியாசம் வேற இடத்துல. ஃபென்டனில் ஊசி சட்டுனு பிடிக்கும், சட்டுனு இறங்கும். மார்ஃபின் சில மணி நேரம் நிக்கும். ஆனா கிட்னி பலவீனமா இருந்தா அதோட மிச்சம் உடம்புல தேங்கும். டிரமடாலைக் கல்லீரல்தான் மாத்தி முழு வேலைக்குத் தயார் பண்ணணும், அந்தத் திறமை ஆளுக்கு ஆள் வேற. ஒரு காலத்துல எல்லாரும் போட்ட பெத்திடின், உடம்புல உடையும்போது வர்ற பொருள் சேர்ந்தா வலிப்பு வரலாம்ங்கறதால ஓரமாப் போயிருச்சு. மலச்சிக்கலும் மயக்கமும் எல்லாத்துக்கும் பொது.

அம்மாவுக்கு டபென்டடால் மாத்திரைக்கு மாத்தினாங்க. கூடவே வேளை தவறாம பாராசிட்டமால். வாந்தி நின்னுச்சு.

அன்னிக்கு ராத்திரிதான் அது நடந்தது. "தூக்கம் வரலடா, என் பையில அந்த மாத்திரை இருக்கு, எடு"ன்னாங்க. வீட்ல எப்பவாவது போடற அல்பிரசோலம். நானும் தண்ணியோட நீட்டிட்டேன். உள்ளே வந்த சிஸ்டர் வெடுக்குனு பிடுங்கினாங்க.

"சார், ரெண்டும் சேர்ந்தா மூச்சு குறைஞ்சிரும். அம்மா தூங்கறாங்கன்னு நினைச்சு நீங்களும் தூங்கிருவீங்க."

கை நடுங்கிருச்சு. வீட்ல என்னென்ன மாத்திரைன்னு அட்மிஷன்லயே கேட்டாங்க. பிரஷர், சுகர்னு மட்டும் சொல்லி முடிச்சவன் நான்தான்.

விளக்கை அணைச்சப்புறம் கேட்டேன். "நிஜமா எத்தனைம்மா?"

"ஏழு இருக்கும்டா."

"அப்புறம் ஏன் ரெண்டுன்னீங்க?"

"அந்தப் பொண்ணு பாவம், ராத்திரியெல்லாம் ஓடுது. அதோட... இதெல்லாம் பழகிப் போயிருமாமே."

அந்தப் பயத்தில நியாயமே இல்லைன்னு சொல்ல மாட்டேன். 1990-களின் கடைசியிலேர்ந்து அமெரிக்காவுல ஆக்ஸிகோடோன் மாத்திரையை வாரி இறைச்சு எத்தனை குடும்பம் அழிஞ்சது! ஆனா டாக்டர் கண்காணிப்புல, அளவா, சில நாளைக்குன்னா அந்த ஆபத்து குறைவு. வலியைப் பொறுத்துக்கிட்டுக் காலை மடக்காமலே விட்டா மூட்டு இறுகிப் போகும். அப்புறம் ஆபரேஷன் பண்ணி என்ன பிரயோஜனம்?

மறுநாள் அம்மா முதல் தடவையா "ஏழு"ன்னாங்க. ஃபிசியோதெரபிக்கு ஒரு மணி நேரம் முன்னாடி மாத்திரை விழற மாதிரி நேரத்தை மாத்தினாங்க. அன்னிக்கு வாக்கரைப் பிடிச்சு வாசல் வரைக்கும் போயிட்டு வந்தாங்க. வீட்டுக்கு வந்த நாலாம் நாள் டபென்டடாலை டாக்டர் நிறுத்தச் சொல்லிட்டார்.

இப்பவும் போன்ல கேக்கறேன், "எத்தனைம்மா?"

"ரெண்டுடா."

"நிஜ ரெண்டா, ஆஸ்பத்திரி ரெண்டா?"

சிரிக்கறாங்க.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. மருந்து விஷயத்தை உங்க டாக்டர்கிட்ட கேளுங்க. வீட்ல சாப்பிடற மாத்திரை அத்தனையும் ஒரு சீட்டுல எழுதி எடுத்துட்டுப் போங்க.