உப்பிலியபுரத்துக் கடிதக் கம்பி

துறையூரில் பஸ் மாறினால் கொஞ்ச நேரத்தில் உப்பிலியபுரம். இறங்கியதும் சின்ன வெங்காய மூட்டைகளின் நெடி. தூரத்தில் பச்சைமலை மங்கலாகத் தெரிந்தது. 12 ரூபாய்க்கு ஒரு டீ குடித்துவிட்டு, பழைய தேசபக்தி கார்டுகள் இருப்பதாகக் கேள்விப்பட்ட ஓட்டு வீட்டைத் தேடிப் போனேன். கடைத்தெருவிலிருந்து பத்து நிமிட நடை.

வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற ஆசிரியர். "வாங்க தம்பி" என்றவர், உத்திரத்தில் தொங்கிய கம்பியைக் கழற்றினார். ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு இருந்த, கடிதங்களைக் குத்தி வைக்கும் கம்பி. துருவும் தூசியுமாக, இரண்டு கை கனத்துக்குக் கார்டுகள்.

முதலில் உருவியது பாரத மாதா படம் போட்ட கார்டு. கொடியின் பச்சை இன்னும் வெளுக்கவில்லை. "சுதந்திரம் வந்த அன்னைக்கே எங்கப்பாவுக்கு வந்தது" என்றார். திருப்பினேன். ஒட்டியிருந்த தபால்தலையில் இந்திய வரைபடம், விலை நயா பைசாவில். நயா பைசா புழக்கத்துக்கு வந்ததே 1957 ஏப்ரல் 1-ல்தான். லென்சை நீட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "அப்பா அப்படித்தான் சொல்லுவார்" என்றார்.

அடியில் கிடந்த ஒரு சாதாரணக் கார்டுதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. படம் கிடையாது. அச்சிட்ட தபால்தலையில் ஆறாம் ஜார்ஜ் மன்னர். அவர் முகத்தின் மேலேயே 'ஜெய்ஹிந்த்' முத்திரை. 1947 ஆகஸ்ட் 15 அன்று தபால் துறை குத்தத் தொடங்கிய முத்திரை அது. புது நாட்டின் முதல் தபால்தலை நவம்பர் 21-ல்தான் வந்தது. அதுவரை மன்னர் தலையை வைத்தே ஓட்ட வேண்டியிருந்தது. பின்பக்கம் முழுக்க வெங்காய விலையும் மழை விசாரிப்பும். சுதந்திரம் பற்றி ஒரு வரி இல்லை.

பிறகுதான் துளைகளைக் கவனித்தேன். சாதாரணக் கடிதங்களில் கம்பி நட்டநடுவே இறங்கியிருந்தது. காந்தி, நேரு படக் கார்டுகளிலோ ஓரத்து வெள்ளை விளிம்பில் மட்டும். ஒன்றில்கூட முகத்தில் துளை இல்லை. யாரும் சொல்லிச் செய்த மரியாதையாகத் தெரியவில்லை. துளை விழுந்தால் வியாபாரிகள் விலையைக் குறைப்பார்கள். எனக்கு இந்தத் துளைகளுக்காகவே இவை வேண்டியவை.

நாலைந்து கார்டுகளில் தபால்தலை கிழிக்கப்பட்டிருந்தது. பேரப்பிள்ளைகளின் ஆல்பத்துக்குப் போயிருக்கிறது. தலையும் முத்திரையும் போனால் கார்டின் காலத்தைச் சொல்வது கடினம். படக் கார்டு ஒன்றுக்கு 100 ரூபாய் தருவதாக ஒரு வியாபாரி சொல்லியிருக்கிறாராம். ஜார்ஜ் கார்டை அவர் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. பிரித்து விற்க வேண்டாம், லேமினேட் செய்ய வேண்டாம், முதலில் துருக்கம்பியிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன்.

"பக்கத்துத் தெருவுல சித்தப்பா வீட்டுலயும் ஒரு கம்பி இருக்கு" என்று செருப்பை மாட்டினார். போனோம். கம்பி இருந்தது. கார்டுகளைப் போன போகியில் எரித்துவிட்டார்களாம்.